டெத் ஆஃப் எ ரெட் ஹீரோயின்

சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எழுத்தாளர் சியூ சியாவோலோங் ஆங்கிலத்தில் எழுதிய துப்பறியும் நாவல். 2000-இல் நியூயார்க்கின் சோஹோ பிரஸ் வெளியிட்டது. கொலையாளியைக் கண்டுபிடிப்பதைவிட அவனைக் கைதுசெய்வது கடினமாக இருக்கும் ஒரு சமூகத்தைக் காட்டுவதே இந்நூலின் தனிச்சிறப்பு.

பின்னணி

சியூ 1953-இல் ஷாங்காயில் பிறந்தார். சிறிய வாசனைத் திரவியத் தொழிற்சாலை நடத்திய அவர் தந்தை, கலாச்சாரப் புரட்சியின்போது முதலாளி என்று முத்திரை குத்தப்பட்டார். கவிஞராகவும் டி. எஸ். எலியட்டின் மொழிபெயர்ப்பாளராகவும் அறியப்பட்ட சியூ, 1988-இல் எலியட்டின் சொந்த ஊரான செயின்ட் லூயிஸுக்கு ஆய்வுக்காகச் சென்றார். 1989 ஜூனில் தியானன்மென் போராட்டம் ராணுவத்தால் ஒடுக்கப்பட்டதும் நாடு திரும்பாமல் அங்கேயே தங்கினார். மாறிவரும் சீனச் சமூகத்தைப் பற்றி எழுத விரும்பிய அவருக்கு, எந்த வீட்டுக் கதவையும் தட்டக்கூடிய ஒரு காவல் அதிகாரி ஏற்ற கதைசொல்லும் கருவியானார்.

கதை

1990 மே மாதம், ஷாங்காய் அருகே ஒரு கால்வாயில் இளம்பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவர் குவான் ஹோங்யிங். பேரங்காடியின் அழகுசாதனப் பிரிவில் வேலை பார்த்தவர், கம்யூனிஸ்ட் கட்சி போற்றிய தேசிய முன்மாதிரித் தொழிலாளி. தலைமை இன்ஸ்பெக்டர் சென் சாவும் துப்பறிவாளர் யூ குவாங்மிங்கும் வழக்கை விசாரிக்கிறார்கள். சென்னும் கவிஞர்தான், எலியட்டை மொழிபெயர்த்தவர். சந்தேகம் உயர்மட்டத் தலைவர் ஒருவரின் மகனான புகைப்படக்காரர் வூ சியாவோமிங் மீது விழுகிறது. அதிலிருந்து தடயங்களைவிட மேலிடத்தின் மனநிலையே வழக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது. முதலில் முட்டுக்கட்டை போட்ட அதே அதிகாரம், தனக்குத் தேவைப்பட்டபோது வூவை அவசரமாகத் தண்டித்து, மேற்கத்திய முதலாளியச் சீரழிவுக்கு எதிரான எச்சரிக்கையாக அதை அறிவிக்கிறது. குற்றவாளி தண்டிக்கப்பட்டும் நீதி கிடைத்ததா என்ற கேள்வி சென் சாவை விடுவதில்லை.

வரவேற்பு

சிறந்த முதல் நாவலுக்கான ஆன்டணி விருதை 2001-இல் பெற்றது. எட்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஒற்றை அறையில் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள், வீட்டு ஒதுக்கீட்டுக்கான போட்டி, உணவு, டாங் காலக் கவிதைகள் ஆகியவற்றை உள்ளிருந்து சொன்னதால் நூல் பரவலான வாசகர்களைப் பெற்றது. 2002-இல் வந்த 'எ லாயல் கேரக்டர் டான்சர்' முதல், இன்ஸ்பெக்டர் சென் வரிசை நீண்ட தொடராக வளர்ந்தது. பிபிசி வானொலி 4 இவ்வரிசையை நாடகங்களாக ஒலிபரப்பியது.

சீனாவில் வெளியான மொழிபெயர்ப்புகளில் ஷாங்காயின் பெயர் நீக்கப்பட்டு, கதை 'எச் நகரம்' என்ற கற்பனை ஊருக்கு மாற்றப்பட்டது. அரசியல் உண்மையை எப்படித் திருத்துகிறது என்று சொன்ன நாவலே, தாய்நாட்டில் அத்தகைய திருத்தத்துக்கு உள்ளானது.