ஊஸ் ஆற்றங்கரையில் ஒரு பழைய வீடு

1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பணியாற்ற வந்த ஆங்கில இளைஞர் லெனாட் வூல்ஃபை நம்மவர் பலர் அறிவர். அவரும் மனைவி வேர்ஜீனியாவும் 1919இல் தென் இங்கிலாந்தின் ரொட்மெல் கிராமத்தில், ஊஸ் ஆற்றுக்கு அண்மையில் நின்ற 'மங்க்ஸ் ஹவுஸ்' என்னும் பழைய வீட்டை 700 பவுணுக்கு ஏலத்தில் எடுத்தனர். குழாய்நீர் இல்லை, மின்சாரம் இல்லை, குளியலறையும் இல்லை.

வீட்டைத் திருத்தியது பேனாதான். 'மிஸிஸ் டலோவே' நாவலின் வருமானத்தில் 1926இல் குளியலறையும் மலசலகூடமும் வந்தன. 'ஓர்லாண்டோ' விற்ற காசில் 1929இல் புதிய அறைகள் எழுந்தன. நம் எழுத்தாளர்கள் பொறாமைப்படக்கூடிய கணக்கு இது! தோட்டமோ லெனாட்டின் இராச்சியம்.

1940இல் குண்டுவீச்சில் இலண்டன் வீடு சேதமுறவே, ரொட்மெல்லே அவர்களின் வதிவிடமாயிற்று. 1941 மார்ச் 28இல் வேர்ஜீனியா அந்த ஆற்றிலேயே உயிர்நீத்தார். லெனாட் வீட்டைக் கைவிடவில்லை. 1969இல் அங்கேயே காலமானார். இருவரின் சாம்பலும் அத்தோட்டத்தில்தான் புதைக்கப்பட்டது.