உதகைமலையில் இறங்கும் இரும்பு

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, கனமான அயனிகளை விரைவுபடுத்தி அணுக்கருக்களோடு மோதவிடுவதற்காக, 1 கோடியே 40 லட்சம் வோல்ட் அழுத்தமுள்ள பெல்லட்ரான் யந்திரத்தை 1988-இன் இறுதியில் இயக்கி, அந்த வேகமும் போதாதென்று அதன் பின்னே மிகைக்கடத்தி முடுக்கி ஒன்றைத் தொடுத்து 2007-இல் பூர்த்தி செய்தன. ஆனால் அதே டாட்டா நிறுவனத்தார், அதற்கு முப்பதாண்டுகளுக்கும் முன்பே, அத்தகைய யந்திரம் எதுவுமின்றி, பிரபஞ்சம் தானே விரைவுபடுத்தி அனுப்பும் அணுக்கருக்களை, அதாவது காஸ்மிக் கதிர்களை, எதிர்பார்த்து நீலகிரியில் காத்திருந்தார்கள்.

கடல்மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் போர்வை மெலிந்திருப்பதும், பூமத்திய ரேகைக்கு அருகே பூமியின் காந்தசக்தி ஆற்றல் குறைந்த துகள்களை விலக்கிவிடுவதும் உதகைக்கு வாய்த்த பாக்கியங்கள். 1950-களில் பி. வி. ஸ்ரீகண்டனும் அவருடைய சகாக்களும் ராஜ்பவனையொட்டிய காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில் துகள்களின் தடத்தைக் காட்டும், பல தகடுகள் கொண்ட பெரிய மேகக் கலம் ஒன்றை நிறுவினார்கள்.

பின்னர் ஜப்பானின் ஒஸாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் துணைசேர, அங்கே கிரேப்ஸ்-3 என்னும் காஸ்மிக் கதிர் ஆய்வு நிலையம் எழுந்தது. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கும் பரிசோதனையில் முன்பு உழைத்த இரும்புக் குழாய்களை வீணாக்காமல் மலைமேல் ஏற்றி, ஆறு மீட்டர் நீளமுள்ள 3,712 குழாய்களை அடுக்கடுக்காக வைத்து, மேலே இரண்டு மீட்டருக்கும் அதிகமான கனத்தில் கான்கிரீட் பரப்பி, காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் துகள்கள் மட்டுமே ஊடுருவும்படி செய்தார்கள். இந்தச் சிக்கனத்தை நான் பெரிதும் போற்றுகிறேன். ஒரே ஆற்றலோடு ஒரு புரோட்டானும் ஓர் இரும்பு அணுக்கருவும் வந்து காற்றில் மோதினால், இரும்பின் ஆற்றல் அதன் 56 துகள்களுக்கும் பங்காகிவிடுவதால், கீழே பொழியும் மியூவான்கள் இரும்பிற்கே மிகுதி. ஆகவே அவற்றை எண்ணிப் பார்த்து, வந்தது இரும்பா ஹைட்ரஜனா என்று நிதானிக்கலாம்.

2014 டிசம்பர் 1-ஆம் தேதி உதகையின்மேல் திரண்ட இடிமேகம் ஒன்று தன் மின்புலத்தால் அந்த மியூவான் எண்ணிக்கையைச் சிறிது குறைத்தது. அக்குறைவைக் கொண்டு மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணித்து, 2019-இல் வெளியிட்டார்கள்; பம்பாய் பெல்லட்ரானைப்போல் அது ஏறத்தாழத் தொண்ணூறு மடங்கு. இடிமேகங்களில் நூறு கோடி வோல்ட் அளவுக்குத் திரளக்கூடுமென்று 1929-இலேயே சொன்னவர் ஸி. டி. ஆர். வில்ஸன்; உதகையில் ஸ்ரீகண்டன் நிறுவிய மேகக் கலமும் அவர் கண்டுபிடித்த சாதனமே.