அட்மின் பஞ்சாயத்து பண்ணலாமா?

இன்னைக்கு எபிசோட்ல 1993-ல நடந்த ஒரு ஆன்லைன் சண்டையோட வரலாறு. பாலியல் வன்முறை பத்தின பேச்சு இதுல வரும், முன்னாடியே சொல்லிடறேன். ஆனா முதல்ல அம்பத்தூர்ல நடந்த ஒண்ணைச் சொல்லணும். ஏன்னா அதுல தப்பு என் பேர்ல.

2020 லாக்டவுன்ல அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கற நண்பர்கள் பதினாலு பேர் சேர்ந்து டிஸ்கார்ட்ல ஒரு ரோல்பிளே குரூப் ஆரம்பிச்சோம். படம் கிடையாது, சவுண்ட் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஒரு கற்பனைத் துறைமுக ஊர், ஆளுக்கு ஒரு கேரக்டர். ஒருத்தர் "கதவைத் தட்டறேன்"னு எழுதினா, உள்ள யார் இருக்காங்கன்னு அடுத்தவர் எழுதுவார். எட்டு மாசம் நல்லாப் போச்சு.

ஒரு ராத்திரி, ஒரு தோழி ஆன்லைன்ல இல்லாத நேரமாப் பார்த்து, அவ கேரக்டரை வேற ஒருத்தன் எடுத்து எழுதிட்டான். அவ கால்ல விழுந்தா, கெஞ்சினா, அவமானப்பட்டான்னு வரிசையா மெசேஜ். காலையில எழுந்து படிச்சவ, அட்மினா இருந்த எனக்கு எழுதினா. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "கேம்தானே, நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க." அன்னைக்கே அவ குரூப்பை விட்டுப் போயிட்டா. இன்னொண்ணையும் சொல்லணும். அப்படி எழுதினவன், ஸ்கூல்ல என்கூட ஒரே பெஞ்ச்.

நான் சொன்ன அதே பதிலை இன்னொரு அட்மின் 28 வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கார்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது.

1978-ல இங்கிலாந்தோட எசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ராய் ட்ரப்ஷா ஒரு விளையாட்டை எழுத ஆரம்பிச்சார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். பேரு மட். பல பேர் ஒரே நேரத்துல டைப் பண்ணியே வாழற ஒரு உலகம். அந்த வழியில வந்ததுதான் லாம்ப்டாமூ. ஜெராக்ஸ் நிறுவனத்தோட பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்துல வேலை பார்த்த பாவெல் கர்ட்டிஸ் 1990-ல அதை ஆரம்பிச்சார். எழுத்தாலேயே கட்டின ஒரு பெரிய வீடு. உள்ள வர்றவங்களே கோட் எழுதி புது அறை, புது பொருள் எல்லாம் உருவாக்கலாம். அட்மின்களுக்கு அங்க மந்திரவாதிகள்னு பேரு.

கூட்டம் சேரச் சேர சண்டையும் சேர்ந்துச்சு. எல்லாப் பஞ்சாயத்தும் மந்திரவாதிகள் தலையில. 1992 டிசம்பர்ல கர்ட்டிஸ் ஒரு அறிவிப்பு போட்டார். இனிமே மந்திரவாதிகள் டெக்னிக்கல் வேலை மட்டும்தான் பார்ப்பாங்க, மக்களோட சண்டையில தலையிட மாட்டாங்கன்னு. படிக்க நியாயமாத்தான் இருக்கும். என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்ச நியாயம் அது.

சில மாசம்தான். 1993 மார்ச்ல மிஸ்டர் பங்கிள்ங்கற பேர்ல இருந்த ஒருத்தர், ஹால்ல எல்லார் முன்னாடியும் ஒரு புரோகிராமை ஓட்டினார். மத்தவங்க கேரக்டர் செய்யற மாதிரியே வரிகளைக் காட்டற புரோகிராம் அது. அதை வெச்சு, சில பேரோட கேரக்டர்கள் மேல பாலியல் வன்முறையை எழுதிக் காட்டினார். லெக்பாங்கற கேரக்டரை இயக்கினவங்க சியாட்டில்ல இருந்த ஒரு பெண். மறுநாள் புகார் எழுதும்போது அழுதுகிட்டேதான் எழுதினதா அவங்க அப்புறம் சொன்னாங்க. யாரும் யாரையும் தொடலை. ஆனா அந்தக் கண்ணீர் நிஜம்.

பங்கிளை நிரந்தரமா நீக்கணும்னு குரல் எழுந்துச்சு. யார் நீக்கறது? நீக்கற அதிகாரம் மந்திரவாதிகள்கிட்ட. அவங்கதான் ஒதுங்கிட்டாங்களே! முப்பது பேர் கூடி மணிக்கணக்கா விவாதம் பண்ணினாங்க. முடிவே வரலை. கடைசியில ஜோஃபீட்பேக்ங்கற மந்திரவாதி, தனியா யோசிச்சு, தானே கமாண்ட் அடிச்சு பங்கிள் கணக்கை அழிச்சுட்டார். கொஞ்ச நாள்ல அந்த ஆள் வேற பேர்ல திரும்பி வந்தார்ங்கறது தனிக்கதை. இதையெல்லாம் ஜூலியன் டிபெல் அந்த டிசம்பர்லயே தி வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையில எழுதி, உலகத்துக்கே தெரிய வெச்சார்.

வெளியூர் போயிருந்த கர்ட்டிஸ் திரும்பி வந்து எல்லாத்தையும் படிச்சுட்டு, மனு போட்டு வாக்கெடுக்கற முறையைக் கொண்டு வந்தார். எதிர்த்து விழற ஓட்டை மாதிரி ரெண்டு மடங்கு ஆதரவு கிடைச்சா, மந்திரவாதிகள் அதைச் செஞ்சு தரணும். நடுவர் முறையும் வந்துச்சு. ஆனாலும் 1996-ல மந்திரவாதிகள் பழைய அறிவிப்பை வாபஸ் வாங்கினாங்க. டெக்னிக்கல் முடிவு தனி, சமூக முடிவு தனின்னு பிரிக்கவே முடியலைங்கறதுதான் அதோட சாரம். எனக்கு உறைச்ச இடமும் இதுதான். கமாண்ட் கையில இருக்கறவன் ஒதுங்கினா அதுவும் ஒரு தீர்ப்புதான். பெரும்பாலும் அடிச்சவன் பக்கம் சாயற தீர்ப்பு.

அப்போ அட்மின்தான் நீதிபதியா? நான் நீதிபதின்னா என் பெஞ்ச்மேட் வழக்கை எப்படி விசாரிக்கறது? இதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு பழைய விடை இருக்கு. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துல, ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கற விதிகளை வெட்டி வெச்சிருக்காங்க. 919-ல ஒரு விதி. ரெண்டே வருஷத்துல, 921-ல திருத்தின விதி. நம்ம பாஷையில சொன்னா வெர்ஷன் டூ. பேர் எழுதின ஓலையைக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்றாங்க. அதுல என்னைக் கவர்ந்தது யாரெல்லாம் கூடாதுங்கற பட்டியல்தான். கணக்கு காட்டாதவன் வரக்கூடாது. அவனோட பெரியம்மா பிள்ளை, சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமா பிள்ளையும் வரக்கூடாது. பெருமையா மட்டும் பார்க்க வேண்டாம். அது பிராமணர் ஊர்ச் சபை. நிலமும் வேதப் படிப்பும் இருந்த ஆண்களுக்கு மட்டும்தான் அந்தக் குடத்துல இடம். ஆனா தப்பு பண்ணினவனோட சொந்தக்காரன் வாரியத்துக்கு வரக்கூடாதுன்னு கல்லுல எழுதி வெச்சிருக்காங்க பாருங்க, அதை எடுத்துக்கலாம்.

எங்க குரூப்லயும் எழுதினோம். அடுத்தவர் கேரக்டரோட செயலை அவங்க சம்மதம் இல்லாம எழுதக்கூடாது. புகார் வந்தா அந்தக் காட்சி அப்படியே நிக்கும். மூணு பேரை ஒரு குட்டி பாட் குலுக்கல் போட்டு எடுக்கும். ரெண்டு பக்கத்துல யாருக்காவது நெருக்கமா இருந்தா விலகிக்கணும், அட்மினா இருந்தாலும். பாதிக்கப்பட்டவங்கதான் முதல்ல பேசணும். முடிவு எதுவானாலும் காரணத்தோட எல்லாரும் படிக்கிற இடத்துல போடணும். இதுவரைக்கும் ரெண்டு தடவை தேவைப்பட்டுச்சு. ஒரு தடவை வந்த முடிவு எனக்குப் பிடிக்கலை. பிடிக்கலைன்னாலும் செஞ்சேன்.

அந்தத் தோழிகிட்ட போன வருஷம் மன்னிப்பு கேட்டேன். "விதியெல்லாம் சரி. அன்னைக்கு 'படிச்சேன், அவன் செஞ்சது தப்பு'ன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் இருந்திருப்பேன்"னு சொன்னா. அவ திரும்பி வரலை, நானும் கூப்பிடலை.

உங்க குரூப்ல அட்மினோட ஃப்ரெண்ட் மேலயே புகார்னா யார்கிட்ட போவீங்க? சண்டை வர்றதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.