பன்றி ரூபாயும் யானை ரூபாயும்

கீழ்பென்னாத்தூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு பழைய வெள்ளி ரூபாயை நம்மிடம் கொண்டு வந்தார். அவருடைய பாட்டியார் அதனை மற்றக் காசுகளோடு சேர்க்காமல் தனித் துணியில் முடிந்து வைத்திருந்தாராம். வீட்டார் அதற்கிட்ட பெயர் ‘பன்றி ரூபாய்’. அதனை வைத்திருப்பது ஆகுமா, உருக்கிவிட வேண்டுமா என்பதே மாணவரின் வினா. விடை கூறுமுன் அப்பெயரின் வரலாற்றை நாம் அறிதல் நலம்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த முதல் வெள்ளி ரூபாய் 1911ஆம் ஆண்டில் வெளிவந்தது. எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. உருவத்தை அமைத்தவர் ஆஸ்திரேலியச் சிற்பி பெர்ட்ரம் மெக்கென்னல். மன்னரின் மேலங்கியில் விருது ஆரம் ஒன்றும், அதில் சிறு யானை ஒன்றும் காணப்படும். அந்த யானையின் துதிக்கை குறுகி, கால்கள் குட்டையாக அமைந்துவிட்டமையால் அது பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தோன்றியது. முஸ்லிம்களிடையே மனக்கசப்பு எழுந்தது. அச்சிட்ட ஏறத்தாழ 94 இலட்சம் நாணயங்களில் ஏறத்தாழ 7 இலட்சமே புழக்கத்திற்குச் சென்றிருந்தன. அரசு எஞ்சியவற்றை நிறுத்தி உருக்கியது. 1912 முதல் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி யானை திருத்தி அமைக்கப்பட்டது.

உயிருள்ளவற்றின் உருவம் என்பதற்காகவே முஸ்லிம்கள் எதிர்த்தனர் என்று கருதுவோர் உளர். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. விக்டோரியா அரசியின் தலை பொறித்த ரூபாய்களை நம் முன்னோர் 1840 முதல் மஹராகவும் ஸக்காத்தாகவும் கொடுத்தும் வாங்கியும் வந்தனர். இன்னும் பின்னோக்கிச் சென்றால், நபி (ஸல்) அவர்களின் காலத்து அரபகத்தில் புழங்கியவையே ரோம, பாரசீக அரசர்களின் உருவம் தாங்கிய தீனார்களும் திர்ஹம்களும்தாம். பின்னர் பாரசீக திர்ஹத்தின் விளிம்பில் ‘பிஸ்மில்லாஹ்’ சேர்க்கப்பட்டது. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) தீனாரையும், 79இல் திர்ஹத்தையும் எழுத்து மட்டுமே கொண்டனவாக மாற்றினார்.

அதன் பின்னும் விலங்குருவம் முற்றாக மறையவில்லை. ரூம் நாட்டு ஸல்ஜூக் சுல்தான் இரண்டாம் கைகுஸ்ரூ தம் வெள்ளி திர்ஹத்தில் சிங்கத்தையும் சூரியனையும் பொறித்தார். எகிப்தின் சுல்தான் பைபர்ஸின் (1260-1277) திர்ஹத்தில் நடக்கும் சிங்கம் உண்டு. வங்காளத்தின் ஜலாலுத்தீன் முஹம்மத் ஷாவும் சிங்கம் பொறித்த வெள்ளித் தங்காவை வெளியிட்டார். 1618இல் பேரரசர் ஜஹாங்கீர், மாதப் பெயருக்குப் பதிலாக அம்மாதத்து இராசியின் உருவத்தைப் பொறிக்கச் செய்தார். அஹ்மதாபாத் ரூபாய்களில் ஆடும் காளையும் சிங்கமும் இடம்பெற்றன. நம் பகுதிக்கு 1790-91 போர்க்காலத்தில் படையோடு வந்த திப்பு சுல்தானோ செப்புக் காசில் யானையைப் பொறித்தார். வெள்ளியில் எழுத்தை மட்டுமே வைத்தார்.

ஆகவே 1911இல் மக்களைப் புண்படுத்தியது உருவம் அன்று. பன்றி என்ற எண்ணமே. பன்றிக் கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் என்ற பேச்சு 1857இல் மூட்டிய தீயை ஆட்சியாளர் மறந்திருக்க முடியாது. அதனாலேயே அவர்கள் விரைந்து செயல்பட்டனர் என்று நாம் கருதுகிறோம். மக்களின் மனவருத்தம் உண்மையானது. ஆயின் அவர்கள் கண்டது யானையையே. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறு.

இனி மாணவரின் நாணயத்திற்கு வருவோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அதில் இருந்த ஆண்டு 1917. மன்னரின் ஆரத்தில் துதிக்கையைத் தொங்கவிட்ட யானை தெளிவாக நின்றது. திருத்தி வெளியிட்ட நாணயத்தையே அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒதுக்கி வைத்திருக்கிறது! உருவம் மாறி ஐந்தாண்டு கழிந்தும் பழிப்பெயர் மட்டும் மாறவில்லை. காதில் விழுந்த செய்தியைத் தெளிந்து அறியுமாறு பணிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இதில் படிப்பினை உண்டு.

உருக்க வேண்டாம் என்றே கூறினோம். அசல் 1911 ரூபாயைச் சேகரிப்போர் இன்று விரும்பித் தேடுகின்றனர். பாட்டியாரின் காசுக்கு அந்த விலை கிடைக்காது. ஆயினும் அது வெள்ளி. வீட்டிலுள்ள மற்ற வெள்ளியோடு சேர்த்து எடையிட்டு, நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்திருந்தால் ஸக்காத் கொடுக்குமாறு சொல்லி அனுப்பினோம். தனித் துணியில் கிடந்தது என்பதால் அது கணக்கிலிருந்து நீங்கிவிடாது.