அரை வீடு பிறந்த கதை

வீட்டைப் பாதி கட்டிவிட்டு, "மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சாவியை நீட்டும் ஒப்பந்தக்காரரை யாரும் சும்மா விடமாட்டோம். சிலி நாட்டுக் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனா அதைத்தான் செய்தார். 2016இல் அவருக்குக் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்ததில் இந்த அரை வீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

வடசிலித் துறைமுக நகரம் இகீகே. அதன் நட்டநடுவே, அரை ஹெக்டேர் மனையில் முப்பது ஆண்டுகளாகக் குடிசை போட்டிருந்த சுமார் நூறு குடும்பங்களுக்கு அங்கேயே வீடு கட்டித்தர வேண்டும். மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர். மனை விலையும் அதற்குள் அடங்க வேண்டும். தனித்தனி வீடு என்றால் முப்பது குடும்பத்துக்குத்தான் இடம். அடுக்குமாடி என்ற பேச்சை எடுத்தாலே உண்ணாவிரதம் என்றார்கள் மக்கள். குடும்பம் பெருகினால் அதில் ஓர் அறை கூட்ட வழியில்லையே!

கையிலிருந்த பணத்தில் சுமார் 40 சதுர மீட்டர்தான் எழும்பும். அதைச் சின்ன வீடாக முடிக்காமல், 80 சதுர மீட்டர் நல்ல வீட்டின் பாதியாக எண்ணியது அரவேனாவின் 'எலமென்டல்' குழு. எந்தப் பாதி என்பதில்தான் சூட்சுமம். அடித்தளம், நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானம், இரு வீட்டுக்கும் நடுவே தீ பரவாத சுவர், மாடிப்படி, குழாய் இணைப்போடு சமையலறை, குளியலறை: இவற்றை ஒரு குடும்பம் தானாகக் கட்டினால் பிசகும், செலவும் கையைக் கடிக்கும். ஆகவே இவை அரசுப் பணத்தில். பக்கத்து வீட்டுக்கும் தம் வீட்டுக்கும் நடுவே விட்ட இடைவெளியில் பலகை அடித்து அறையாக்குவதற்கு உள்ளூர்த் தச்சரே போதும். 2004இல் குடியேறியவர்கள் அதை ஆளுக்கொரு விதமாக அடைத்தார்கள், ஆளுக்கொரு நிறமும் பூசினார்கள்.

2010 பிப்ரவரி 27 அதிகாலை, சிலியில் 8.8 அளவில் நிலம் குலுங்கியது, பின்னாலேயே சுனாமி. மவுலே ஆற்று முகத்துவாரத்திலுள்ள கோன்ஸ்தித்துசியோன் நகரம் சிதைந்தது. மறுசீரமைப்புத் திட்டம் எலமென்டல் கைக்கு வந்தது. அங்கே மரத்தொழில் நிறுவனமான அராவ்கோவின் தொழிலாளர்களுக்காக எழுந்தது வில்லா வெர்தே: 484 வீடுகள். இம்முறை பணம் சற்றுத் தாராளம். இருந்தும் இகீகே வீட்டையே முழுசாக்கித் தரவில்லை. பெரிய வீட்டின் பாதியைத் தந்தார்கள். ஒரே சரிவுக் கூரையின் கீழ் ஒரு பக்கம் இரண்டு மாடி வீடு, மறுபக்கம் வெற்றிடம். 57 சதுர மீட்டரில் தொடங்கி 85 வரை வளரலாம்.

அரசு தன் பொறுப்பை ஏழையின் தலையில் கட்டுகிறது என்று குறை சொல்வோர் உண்டு. முழுக்கத் தள்ளிவிட முடியாத குறைதான். கையில் காசு சேராத குடும்பத்துக்கு அந்த வெற்றிடத்தால் என்ன பயன்? ஆனால் ஊருக்கு வெளியே ஒரு சின்னஞ்சிறு பெட்டி வீடு என்ற மாற்று இதைவிட மேல் என்று எனக்குத் தோன்றவில்லை. பரிசு பெற்ற ஆண்டே இவை உட்பட நான்கு திட்டங்களின் வரைபடங்களை அரவேனா இலவசமாக வெளியிட்டார். எடுப்பவர் தம் ஊர் மண்ணுக்கும் கட்டட விதிக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.