பரணில் கிடந்த வயர்ச் சாக்கு: வைப்பதா, பழைய இரும்புக்குப் போடுவதா?



போன லீவில் கூரையைத் திருத்துவதற்காக வீட்டுப் பரணைக் காலி செய்தோம். ஓர் உரச் சாக்கு நிறைய வயர்த் துண்டுகள் கிடந்தன. வாப்பா சேர்த்து வைத்தவை. ஒரு முழ வயரைக்கூட எறிய விடமாட்டார். "ஒரு நாளைக்கு உதவும்" என்பார். உம்மா பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடச் சொன்னார். தம்பி வேண்டாம் என்றான். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது வயர் விலை ஏறியதை அவன் மறக்கவில்லை.

சரி, பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று சாக்கை முற்றத்தில் கொட்டினோம். பிரிக்கப் பிரிக்க, எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்த கதையே அதில் கிடந்தது.

அடியில் கிடந்தது துணி சுற்றிய கறுப்பு வயர். வாப்பாவின் வாப்பா வேலை செய்த மாத்தளை டவுன் கடையை உடைத்துக் கட்டியபோது அவர் கொண்டுவந்தது. துணிக்குள்ளே இறப்பர். வளைத்தவுடன் பிஸ்கட் போல நொறுங்கியது. உள்ளே கம்பி வெள்ளையாக இருந்ததால் தம்பி "இது செம்பே இல்லை" என்றான். செம்புதான். இறப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரித்துவிடும் என்பதால் மேலே வெள்ளீயம் பூசினார்கள்.

இறப்பருக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பு பழையது. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து கம்பஹாவின் ஹெனரத்கொடவில் நடப்பட்டன. பின்னர் மாத்தளை மலைகளிலும் இறப்பர் தோட்டங்கள் வந்தன. நம்மவர்கள் பால் வெட்டிய இறப்பர் கப்பலேறிப் போனது. வயரில் சுற்றிய இறப்பர் கப்பலில் திரும்பி வந்தது. ஆனால் அந்த வயர் எரிந்த வீடுகள் அப்போது மிகக் குறைவு. நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதிக் காட்டினார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல்தான்.

நடுவில் கிடந்தவை சிவப்பும் கறுப்புமான பிளாஸ்டிக் வயர்கள். இவை வாப்பாவின் காலம். மின்சார சபை 1969இல் உருவானது. 1976இல் பொல்கொல்லையிலிருந்து மகாவலி நீரைச் சுரங்கம் வழியாகத் திருப்பி, நம் உக்குவளையிலேயே மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதே நீர் சுது கங்கை, அம்பன் கங்கை வழியே போய் 1981இல் போவத்தென்னவிலும் மின்சாரம் தந்தது. நம் மாவட்டத்தில் கரண்ட் பிறந்தது. ஆனால் நாட்டின் பெரும்பாலான வீடுகளில் அப்போதும் குப்பி விளக்குத்தான். காத்திருந்து காத்திருந்து லைன் கிடைத்தவர்களுக்கு ஒரு முழ வயரும் சொத்து. வாப்பா ஏன் எறிய விடவில்லை என்பது அந்தத் துண்டுகளைக் கையில் பிடித்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

மேலே கிடந்தவை மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் கோடு போட்டவை. கடைசியாக அறை கூட்டிக் கட்டியபோது மிஞ்சியவை.

இந்த நிற மாற்றத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நம் வயரிங் முறை பிரித்தானியாவைப் பின்பற்றி வந்தது. பழைய முறையில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பிரித்தானியா 2004இல் புதிய நிறங்களை அனுமதித்து, 2006 ஏப்ரலிலிருந்து புதிய வேலைகளுக்கு அவற்றையே கட்டாயமாக்கியது. மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். மூன்று பேஸ் லைனில் பழைய நியூட்ரலான கறுப்பு, புதிய முறையில் லைவ் ஆகிவிட்டது. பழைய லைவ்களில் ஒன்றான நீலம் நியூட்ரல் ஆகிவிட்டது. பழைய துண்டையும் புதிய துண்டையும் கலந்து ஒட்டிவிட்டால், பத்து வருடம் கழித்துக் கை வைக்கும் வயரிங் பாஸுக்கு அது பொறி.

எனவே மூன்று குவியலாகப் பிரித்தோம்.

இறப்பர் வயர் முழுவதும் பழைய இரும்புக்கு. அதை எதற்கும் பாவிக்க முடியாது. பிளாஸ்டிக் வயரிலும் விறைத்தவை, வெடித்தவை, நுனியில் பச்சை பூத்தவை, ஒட்டி ஒட்டி டேப் சுற்றியவை அதே குவியலுக்குப் போயின. ஒட்டுப்போட்ட இடம்தான் முதலில் சூடாகும்.

வளைத்தால் வளைகிற நீளமான சிவப்பு, கறுப்பு வயர்களை வயரிங் பாஸிடம் காட்டுவதற்கு ஒதுக்கினோம். எர்த் இல்லாத இரட்டை வயர் அயன் பொக்ஸுக்கோ பிரிஜ்ஜுக்கோ ஆகாது.

புதிய வயரில் அளவு அச்சிட்டவற்றை மட்டும் சுருட்டி, பேப்பர் கட்டி வைத்தோம். 1/1.13 என்றால் ஒரே கம்பி, விட்டம் 1.13 மில்லிமீற்றர், லைட்டுக்கு. 7/0.67 என்றால் ஏழு கம்பி, பிளக் பொயின்ட்டுக்கு. பிள்ளைகளிடம் வட்டத்தின் பரப்பளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். முதலாவது 1, இரண்டாவது ஏறக்குறைய 2.5 சதுர மில்லிமீற்றர் வரும்.

செம்பு எடுப்பதற்காக வயரை எரிக்க வேண்டாம். பிளாஸ்டிக்கில் உள்ள குளோரின் நச்சுப் புகையாகும். கானா நாட்டின் அக்போக்புளோஷியில் இளைஞர்கள் வருடக்கணக்காக வயர் எரித்த மண்ணும் காற்றும் நஞ்சானதை உலகமே பார்த்தது. தோலோடு கொடுத்தால் சில ரூபாய் குறையும், அவ்வளவுதான்.

இனி, இதை எழுதக் காரணமான விஷயம். வயர் முற்றத்தில் கிடந்ததைக் கண்டு, தெரிந்த ஒருவர் வந்து பழைய வயரைக் கேட்டார். தோட்டத்துக்குக் காட்டுப் பன்றி வருகிறதாம். சுற்றிக் கட்டி வீட்டுக் கரண்ட்டைக் கொடுக்கப் போகிறாராம். நாங்கள் கொடுக்கவில்லை. அவருக்கு மனவருத்தம். அவருடைய நட்டமும் பொய்யில்லை. ஒரே இரவில் ஒரு போகத்து மரவள்ளி போய்விடும்.

ஆனால் யானை வேலியும் இதுவும் ஒன்றல்ல. யானை வேலியில் கருவி ஒன்று கண நேரத் துடிப்பாக மட்டும் மின்சாரத்தை விடுகிறது, பட்டவர் விலகிவிடலாம். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் விடாமல் பாயும்; பிடித்த கையை விட முடியாது. இப்படிக் கட்டிய கம்பியில் யானைகளும் மனிதர்களும் இறக்கும் செய்தி நம் நாட்டில் ஓயவில்லை. சில நேரம் இறப்பவர் கட்டியவரே. சில நேரம் விடியற்காலையில் அந்த வழியால் போனவர்.

வாப்பா சொன்னது சரிதான், ஒரு நாளைக்கு உதவும். எதற்கு உதவப்போகிறது என்று தெரியாத வயரை வைத்திருக்கவும் வேண்டாம், கேட்டவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். யாராவது பழைய வயர் கேட்டால் எதற்கென்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

நொறுங்கிய இறப்பர் வயரில் ஒரு சாண் மட்டும் வெட்டி வைத்திருக்கிறோம். அடுத்த தவணையில் வகுப்புக்குக் கொண்டுபோவோம்.