உப்புக் குப்பைமேல் நின்றவர்கள்

அம்மா காலமானபின் எங்கள் டொராண்டோ வீட்டு பேஸ்மென்டில் ஆறு பெட்டிகள் கிடக்கின்றன. பழைய கடிதங்கள், கணக்குக் கொப்பிகள், ஊரிலிருந்து வந்த துணிகள். போன மாதம் மகன் கேட்டான்: "அப்பா, அப்பம்மான்ர குப்பையை எப்ப எறியப்போறீங்கள்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு அந்தச் சொல்லையே தேடிப் பார்த்தேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் குப்பை என்பதற்குக் குவியல் என்றும் பொருள் தருகிறது. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. நெற்குவியல் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். நற்றிணையில் உலோச்சனார் காட்டுவது உப்புக் குப்பை. உமணர் வந்து வாங்கிப்போகும்வரை அதைக் காவல் வைத்துக் காத்தார்கள். பெண்கள் அதன்மேல் ஏறி நின்று, இது என் தந்தையின் படகு, அது உன் தந்தையின் படகு என்று பார்த்துச் சொன்னார்கள்.

எங்கள் ஊரிலும் சாணமும் சருகும் மக்கிய குப்பையைக் காசு கொடுத்து வாங்கித் தோட்டத்துக்குப் போட்டார்கள். உழவை விட்டு நகரத்துக்கு வந்தபின்தான் இந்தச் சொல்லில் கழிவு மட்டும் மிஞ்சியது என்று நினைக்கிறேன்.

மகனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தான். ஆனால் மறுநாள் ஒரு பெட்டியைத் திறந்து, மேலே இருந்த கடிதத்தை எடுத்து, "இது ஆர் எழுதினது?" என்று கேட்டான். இன்னும் ஐந்து பெட்டிகள் இருக்கின்றன.